கோட்டைக்கும் முசிறிக்கும் நடுவே 17 மீட்டர்

எங்கள் ஊர் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மாநிலம் கேரளம். வீட்டில் பேசுவது தமிழ், கடைவீதியில் இரண்டும் கலந்து ஓடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாயனசாலைத் திண்ணையில், அதாவது ஊர் நூலகத் திண்ணையில், பிள்ளைகளைச் சேர்த்து வைத்து வரலாறு சொல்லித்தருகிறேன். தொடங்கிய புதிதில் ஒருநாள் கேட்டேன்: "பாலக்காட்டுக் கோட்டை முதல்லயா, முசிறிக்கு ரோமாபுரிக் கப்பல் வந்தது முதல்லயா?" கப்பல்தான் என்று எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். "எவ்வளவு வருசம் முன்னாடி?" என்றேன். ஒரு பையன் யோசித்துவிட்டு, "ஒரு நூறு வருசம் இருக்குமுங்க டீச்சர்" என்றான். பக்கத்தில் இருந்த பெண் இருநூறு என்று திருத்தினாள்.

ஹைதர் அலி அந்தக் கோட்டையைக் கட்டியது 1766. கேரளக் கரையில் இருந்த பழைய துறைமுகமான முசிறிக்கு ரோமானியக் கப்பல்கள் மும்முரமாக வந்துபோனது ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன். இந்த இரண்டு எண்களும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எண் தெரிவது வேறு, தூரம் தெரிவது வேறு. எட்டாத காலம் எல்லாம் அவர்களுக்கு 'அந்தக் காலம்' என்ற ஒரே மூட்டை. கோட்டை, முசிறி, ராஜராஜன் எல்லாம் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

இது சோம்பேறித்தனமோ மந்தமோ இல்லை. பிள்ளைகளின் மூளை பெரிய எண்களை இப்படித்தான் பிடிக்கிறது. ஒரு முனையில் 0, மறுமுனையில் 1000 என்று ஒரு கோடு போட்டு, 150 எங்கே வரும் என்று குறிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் அதைக் கோட்டின் நடுப்பக்கம் கொண்டுபோய் வைப்பார்கள். ராபர்ட் சீக்லர், ஜான் ஆப்ஃபர் என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சின்ன எண்களுக்கு இடையே பெரிய இடைவெளி, பெரிய எண்கள் எல்லாம் கடைசியில் நெருக்கியடித்துக்கொண்டு. வளர வளர, பழகிய எண்களுக்குக் கோடு சீராகிறது. பழகாத எண்களுக்கு நெருக்கடி தொடர்கிறது. ஆண்டுக் கணக்கில் ஆயிரம் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கு எங்கே பழக்கம்?

அதனால் கயிறு வாங்கினேன். 30 மீட்டர் தேங்காய்நார்க் கயிறு. ஒரு சென்டிமீட்டர் ஒரு வருசம் என்று கணக்கு. வாயனசாலைத் தூணில் ஒரு முனையைக் கட்டி அதை 'இன்றைக்கு' என்று வைத்துக்கொண்டு, மைதானத்தில் இழுத்துக்கொண்டே போனோம். முதலில் அவரவர் வயது. பத்து வயது என்றால் பத்து சென்டிமீட்டர், உள்ளங்கை அகலம். சுதந்திரம் 80 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில். சென்னையிலிருந்து நம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைக்கு ரயில் வந்த 1862, ஒன்றரை மீட்டர் தாண்டி. கோட்டை 2.6 மீட்டரில். அதுவரை எல்லோரும் தூணைச் சுற்றியே நின்றார்கள். 1498இல் வாஸ்கோ ட காமா வந்தது ஐந்தே கால் மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் 1010, பத்து மீட்டர் கடந்து. முசிறிக் காலத்து ரோமானியப் பேரரசர் திபேரியஸ் சீசரின் வெள்ளி நாணயத்துக்கு முடிச்சுப் போட 20 மீட்டர் நடக்க வேண்டியிருந்தது. அங்கே போய் நின்ற அதே பையன் திரும்பிப் பார்த்தான். கோட்டை முடிச்சில் கட்டியிருந்த சிவப்புத் துணி தூரத்தில் தூணோடு ஒட்டித் தெரிந்தது. "கோட்டை நம்மகிட்டல்ல இருக்குது!" என்றான். கோட்டைக்கும் முசிறிக்கும் நடுவே 17 மீட்டருக்கு மேல். கீழடியில் கிடைத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கு இன்னும் ஆறு மீட்டர் போகவேண்டும்.

அப்புறம் அவர்கள் கேட்டதுதான் எனக்கு முக்கியம்: "இந்தச் சும்மா கிடக்கிற எடத்துல என்ன நடந்துச்சு?" பாடப்புத்தகத்தில் இல்லாத இடைவெளி கயிற்றில் கண்ணுக்குத் தெரிகிறது.

நடந்து பார்த்தது ஏன் நிற்கிறது என்பதற்கு மூளையில் ஒரு காரணம் உண்டு. காதுப் பக்கமாக உள்ளே அமைந்த ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், குறிப்பிட்ட இடத்துக்குப் போனால் மட்டும் துடிக்கும் செல்கள் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971இல் எலிகளிடம் கண்டார். 2014இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். 'எங்கே இருக்கிறேன்' என்று கணக்கு வைக்கும் இந்தப் பகுதிதான், 'என்ன நடந்தது' என்று நினைவில் சேர்க்கவும் வேண்டியிருக்கிறது. அது பழுதுபட்டால் புது நிகழ்வுகள் மனதில் தங்குவதில்லை. ஆண்டை இடமாக மாற்றிக் கொடுக்கும்போது, மூளைக்கு நன்றாகத் தெரிந்த வேலையையே கொடுக்கிறோம் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கயிற்றில் ஒரு முடிச்சு எல்லோரையும் உட்காரவைத்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவளுடைய அமுச்சியை, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியை, கையோடு கூட்டிவந்திருந்தாள். அமுச்சி பிறந்தபோது சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. 1949இல் அது திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. 1956 நவம்பர் 1 முதல் கேரளம். பக்கத்துப் பாலக்காடு அதுவரை மதராஸின் மலபார் ஜில்லா. "நான் எங்கீங் போனேன், இதே ஊடுதானே" என்றார் அமுச்சி. பேத்தி மூன்று முடிச்சையும் தன் விரலாலேயே அளந்தாள். 1949க்கும் 1956க்கும் நடுவே ஏழே சென்டிமீட்டர்.

சரி, கயிறு தூரத்தைச் சொல்லும். ஆனால் 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்குக் கயிற்றில் பதில் இல்லை. அதற்குத்தான் தொட்டி.

உடைசல் கடையில் பழைய கண்ணாடி மீன்தொட்டி ஒன்று கிடைத்தது. அடியில் ஆற்று மணல், அதற்கு மேல் எங்கள் பக்கத்துக் கரிசல், அதற்கு மேல் செம்மண், உச்சியில் எம்-சாண்ட். ஒவ்வோர் அடுக்கிலும் சில பொருள்கள். மணலில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும் பானை ஓடு, ஒரு சிவப்புக் கல் மணி. கரிசலில் கண்ணாடி வளையல் துண்டு. செம்மண்ணில் 1972 என்று பொறித்த பைசா. மேலே பேனா மூடி, மிட்டாய்த் தாள். கண்ணாடியின் வெளிப்பக்கம் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டேன். மேற்பரப்பில் நூல் கட்டி ஆறு கட்டம். ஒரு கட்டத்துக்கு இரண்டு பேர். ஸ்பூன், பழைய பல் துலக்கும் பிரஷ், ஸ்கேல், நோட்டு. எடுக்கும் முன் எந்தக் கட்டம், எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று எழுத வேண்டும். எழுதாமல் எடுத்த பொருள் கணக்கில் சேராது, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. டென்மார்க்கின் நிக்கோலஸ் ஸ்டெனோ 1669இல் பாறை அடுக்குகளுக்குச் சொன்ன விதி இது. பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அந்த விதியை உடைக்க ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். நான்காம் கட்டத்தில் உச்சியிலிருந்து மணல்வரை ஒரு குழி தோண்டி, அடியில் ஒரு சோடா மூடியைப் போட்டு, மேல் மண்ணையே நிரப்பி மூடியிருந்தேன்.

அந்தச் சண்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பானை ஓட்டுக்கும் கீழே சோடா மூடி! "அப்ப சோடா மூடிதான் பழசு" என்றான் ஒருவன். "யாரோ ஏமாத்திப் போட்டிருக்காங்க" என்றாள் இன்னொருத்தி. சின்னப் பையன் ஒருவன் மட்டும் ஒன்றும் பேசாமல் குழிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இந்த எடத்துல மட்டும் கரிசல் இல்லீங் டீச்சர். வட்டமா வேற மண்ணு எறங்குது. எலி வளையாட்ட இருக்குது." பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. நான் வாயே திறக்கவில்லை. கடைசியில் அவர்களே எழுதினார்கள்: மேலேயிருந்து யாரோ குழி தோண்டியிருக்கிறார்கள், மூடி அந்தக் குழியைச் சேர்ந்தது, மணலைச் சேர்ந்தது இல்லை. அகழாய்வுக் களத்தில் மண்ணின் நிறத்தையும் இறுக்கத்தையும் பார்த்துக் குழியைப் பிரித்தறிவது இதே வேலைதான்.

1972 பைசாவும் அதேபோல் ஒரு பாடம். "இந்த மண்ணு 1972ல மூடினது" என்று உடனே எழுதிவிட்டார்கள். 1972இல் அடித்த காசு 1990இல் தொலைந்திருக்கலாம் இல்லையா என்று கேட்டேன். கொஞ்சம் தகராறு செய்துவிட்டுத் திருத்தினார்கள்: 1972க்கு முன்னால் மூடியிருக்க முடியாது, அவ்வளவுதான் உறுதி. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் தோண்டியபோது இந்த மாதிரி ஒரு துப்புதான் கைகொடுத்தது. இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த பளபளப்பான சிவப்புக் கலங்களின் துண்டுகள் கிடைத்தன. அவை எந்தக் காலத்தவை என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அதனால் அதே அடுக்கில் கிடைத்த, ஆண்டு எதுவும் எழுதாத நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல வழி பிறந்தது. பின்னால் நடந்த ஆய்வுகள் அரிக்கமேட்டின் தொடக்கத்தை இன்னும் முந்தைய காலத்துக்குக் கொண்டுபோயின.

நானே நேரடியாகச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயத்துக்கு இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நார்மன் ஸ்லாமெக்காவும் பீட்டர் கிராஃபும் 1978இல் செய்த சோதனைகளில், கொடுத்த சொல்லைப் படித்தவர்களைவிட, துப்பை வைத்துத் தாங்களே சொல்லை உருவாக்கியவர்களுக்கு அது நன்றாக நினைவிருந்தது. 'தீக்குச்சியை ஒடி' என்ற வாக்கியத்தைக் கேட்பதைவிட ஒடித்தே பார்த்தால் நன்றாகத் தங்குகிறது என்பதையும் 1980களிலிருந்து பலரும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இன்னொன்று, தோண்டியபின் தொட்டியைத் துணியால் மூடிவிட்டு, அடுக்குகளை மனதிலிருந்து வரையச் சொல்கிறேன். இதற்கும் காரணம் இருக்கிறது. ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததை மூடிவைத்து நினைவுபடுத்திப் பார்த்தவர்களே முன்னே.

ஆனால் விளையாட்டு என்ற பேர் வைத்தால் மட்டும் கற்றல் வந்துவிடாது. வியாபார ஆட்டத்தில் இது எனக்கு உறைத்தது. முசிறி வணிகர், கணவாய் கடக்கும் மாட்டுச் சாத்து (மாடுகளில் சரக்கு ஏற்றிப்போகும் வணிகக் கூட்டம்), கொங்குநாட்டுக் கொடுமணலில் மணி செய்கிறவர்கள் என்று மூன்று அணி. மிளகு, நாணயம், படியூர்ப் பச்சைக்கல் எல்லாம் அட்டைத் துண்டுகள். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கப்பல் வடகிழக்குக் காற்று தொடங்கியதும் கிளம்பிவிடும், அதற்குள் பேரம் முடிய வேண்டும். பிள்ளைகள் தொண்டை கட்டும்வரை பேரம் பேசினார்கள். அடுத்த வாரம் கேட்டால், யார் எத்தனை அட்டை ஜெயித்தார்கள் என்பது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. தப்பு என்னுடையது, ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் பேச்சுக்கும் வைக்கிறேன். கோவை வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் ஏன் புதையலாகக் கிடைக்கின்றன? இருபுறமும் மலை அடைத்து நிற்க, நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் திறந்து கிடக்கும் நம் கணவாயைப் படத்தில் காட்டினால், கடல்வழி வந்த காசு இந்த வழியாகத்தான் உள்ளே வந்திருக்கும் என்ற பதில் அவர்களிடமிருந்தே வருகிறது. யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு சொல்வதை அதன்பிறகு படித்தோம். அவர்கள் சொன்ன பதிலுக்கு அது சாட்சியாக வந்து நின்றது.

எல்லாவற்றையும் நடித்துக் காட்டக்கூடாது என்பதிலும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நடக்க உரிமை கேட்டு 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டத்தைச் சொல்லும்போது, ஒரு பிள்ளையை 'நீ விலகி நில்' என்று நிறுத்துவது கொடுமை. இந்தத் திண்ணையிலேயே பாட்டன் காலத்தில் அப்படி நின்ற குடும்பத்துப் பிள்ளை இருக்கலாம். நாங்கள் மைதானத்தில் நான்கு தெரு போல் கயிறு கட்டினோம். நான் உட்பட எல்லோரும் தெருவைத் தவிர்த்து, தண்ணீர்க் குடத்தோடு சுற்றி நடந்தோம். குறுக்கே எத்தனை எட்டு, சுற்றினால் எத்தனை எட்டு என்று எண்ணினோம். யாருக்கும் யார் வேடமும் இல்லை. எண்ணி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது அந்தக் கறுப்பு-சிவப்பு ஓட்டின் கதை. "இதுக்கு எப்படிங் ரெண்டு கலரு?" என்று கேட்டவள் அமுச்சியின் பேத்தி. களிமண்ணில் இரும்பு இருக்கிறது. காற்று தாராளமாகப் பட்டுச் சுட்டால் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கிறது. காற்று போகாத இடத்தில் புகைக்கரி ஏறிக் கறுக்கிறது. பானையை உமிக்குள் கவிழ்த்து வைத்துச் சுட்டால் வாயும் உட்புறமும் காற்றில்லாமல் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும். பழங்காலத்தில் இப்படித்தான் செய்திருப்பார்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். போன மாதம் ஒன்பது கிண்ணம் செய்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் நெருப்பைப் பார்த்துக்கொள்ள, சுட்டோம். நான்கு நாள்தான் காயவிட்டிருந்தோம், அது போதவில்லை. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி மூன்று வெடித்துவிட்டன. நான்கு முழுக்கச் சிவந்தன, உமி முதலிலேயே எரிந்து தீர்ந்திருக்க வேண்டும். இரண்டே இரண்டில் மட்டும் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, நடுவே ஒரு மங்கல் வளையம். அடுத்த முறை நிழலில் முழுதாகப் பத்து நாள் காயப்போகின்றன, உமியும் இரண்டு பங்கு. வெடித்த மூன்றின் துண்டுகளையும் பொறுக்கி வைத்திருக்கிறோம். வரும் ஆண்டு சேரும் சின்னப் பிள்ளைகளுக்காக, தொட்டியின் அடி மணலில் அவை போகும்.