இரண்டு சார்ஜர் கார்களை ஒப்பிடும் முன் பிரேக்கைப் பாருங்கள்

மெல்பர்னில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு, இந்த ஆண்டில் இப்படி வந்த மூன்றாவது வண்டி இது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான 1970ஆம் ஆண்டு டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி, டாண்டினாங் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் மண்மேட்டில் உரசி நின்று, இழுவை வண்டியில் என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. முன்சக்கர பிரேக் டிரம்மைக் கழற்றினேன். உட்புறம் சூட்டில் மயில் கழுத்து நிறத்தில் நீலம் பாரித்திருந்தது, பிரேக் ஷூக்கள் கண்ணாடிபோல் பளபளத்தன, பிரேக் ஆயில் கருப்பட்டிப் பாகின் நிறத்துக்கு மாறியிருந்தது. ஓட்டிவந்த இளைஞருக்கு நல்லவேளையாகக் காயமில்லை.

"ஆஸ்திரேலிய சார்ஜருக்கு 302 குதிரைத்திறன், இதற்கு 375 என்றுதானே வாங்கினேன்" என்றார் அவர். இந்த ஆண்டு வந்த மூன்று வண்டிக்காரர்களும் சொன்னது இதே கணக்கைத்தான்.

அந்த 375, வண்டியில் அளந்த எண் அல்ல. இந்த வண்டியின் 440 மேக்னம் எஞ்சினைத் தனியே சோதனை மேடையில் ஏற்றி, விசிறியும் ஏர் கிளீனரும் வண்டியின் சைலன்சரும் இல்லாமல் அளந்த மொத்தத் திறன் அது. அதே எஞ்சினுக்கு 1971இல் 370 என்று அறிவித்த நிறுவனம் 1972இல் 280 என்று அறிவித்தது. அழுத்த விகிதத்தைக் குறைத்தது அதற்கு ஒரு காரணம்தான் என்றாலும், பெரிய காரணம் அளக்கும் முறை, அந்தத் துணைப் பாகங்களையும் பூட்டி அளக்கும் நிகரத் திறனுக்கு மாறியதே. ஆஸ்திரேலிய இ49 சார்ஜரின் 302உம் பழைய முறையில் அளந்ததுதான். இரண்டுமே சாலையில் ஓடும் வண்டிக்குக் கிடைக்கும் திறன் அல்ல, ஆகவே இவ்விரு எண்களையும் கழித்துப் பார்த்து, வந்த மிச்சத்துக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

பெயர் ஒன்றாக இருப்பதால் இவற்றை அண்ணன் தம்பி என்று நினைக்கவும் வேண்டாம். 1971இல் அடிலெய்டின் டான்ஸ்லி பார்க் ஆலையில் பிறந்த ஆஸ்திரேலிய வேலியன்ட் சார்ஜரின் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 105 அங்குலம், எடை ஏறத்தாழ 1,400 கிலோ. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் கார் பந்தயத்தைக் கருத்தில் கொண்டு உருவான அதன் இ49 வகைக்கு, மூன்று வெபர் கார்புரேட்டர்கள் பொருத்திய 4.3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் உண்டு. அமெரிக்க சார்ஜரோ 117 அங்குலம், 1,700 கிலோவுக்கு மேல். அதற்கு நான்கு சக்கரங்களிலும் 11 அங்குல டிரம் பிரேக்தான் வழக்கமாக வந்தது, முன் டிஸ்க் வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்ட வேண்டும். நேர்ச்சாலையில் கால் மைல் ஓடுவதற்கு அது போதும், தொடர் வளைவுகள் உள்ள மலை இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும்.

வாங்கும் முன் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். விற்பவர் மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். ரப்பர் ஓஸ்கள் வெளியே புதிதுபோலத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம், வயது தெரியாவிட்டால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும், பூ தேயவில்லை என்று பத்தாண்டு பழைய டயரில் ஓட்டாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் தயவுசெய்து டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பக்கத்தில் பிள்ளைகள் நிற்கலாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

அந்த இளைஞரின் வண்டிக்கு முன் டிஸ்க் பொருத்திக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்து, நானே ஒருமுறை அதே மலையில் இறக்கிப் பார்க்கும்வரை சாவி என் மேசை இழுப்பறையில்தான் இருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.