வெயிட் சரியா இருந்தும் ஃபேட்டி லிவர் வருமா? வயித்துக் கொழுப்பும் ஸ்கேனும்

"வெயிட் நார்மல்தான், தொப்பை மட்டும் லேசா இருக்கு, வேற எதுக்கோ எடுத்த ஸ்கேன்ல கிரேடு 1 ஃபேட்டி லிவர்னு எழுதியிருக்காங்க, வயித்துக் கொழுப்புக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம், சிடி எடுத்துப் பாத்துடட்டுமா"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். நிறைய பேருக்கு இருக்கிற சந்தேகம் இது.

வயித்துல கொழுப்பு ரெண்டு இடத்துல சேரும். ஒண்ணு தோலுக்கு அடியில, கையால பிடிச்சா மாட்டும். இன்னொண்ணு தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுத்தி. இதைப் பிடிச்சுப் பாக்க முடியாது, எடை மெஷினுக்கும் எது எங்க இருக்குன்னு தெரியாது. குடலைச் சுத்தின கொழுப்புல இருந்து வர்ற ரத்தம் பெரும்பாலும் போர்ட்டல் வெயின் வழியா நேரா கல்லீரலுக்குப் போகுது, கல்லீரலுக்கு வர்ற ரத்தத்துல முக்கால்வாசி இந்தக் குழாய்லதான் வருது. அதனால உள்கொழுப்பு கரைஞ்சு விடுற கொழுப்பு அமிலம் முதல்ல போய் இறங்குற இடம் கல்லீரல்.

இதோட கதை முடிஞ்சுதுன்னு பல பேர் நிறுத்திடுவாங்க, ஆனா முடியல. 2005ல வந்த ஒரு ஆய்வுல ஃபேட்டி லிவர் இருக்கிறவங்களோட கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வந்ததுன்னு தடம் பிடிச்சுப் பாத்தாங்க. 59 சதவீதம் ரத்தத்துல சுத்துற கொழுப்பு அமிலம், 26 சதவீதம் மாவுச்சத்து, சர்க்கரையில இருந்து கல்லீரலே செஞ்சுக்கிட்டது, 15 சதவீதம் சாப்பாட்டுக் கொழுப்பு. அந்த 59லயும் பெரும்பங்கு தோலடிக் கொழுப்புல இருந்து வர்றதுதான். அப்போ உள்கொழுப்பு மட்டும் குற்றவாளி இல்ல. தோலடியில பத்திரமா வைக்க இடம் பத்தலன்னா கொழுப்பு குடலைச் சுத்தியும் போகும், கல்லீரலுக்குள்ளயும் போகும், அதனாலதான் ரெண்டும் ஒண்ணாவே காணப்படுது. லிப்போடிஸ்ட்ரோஃபின்னு ஒரு அபூர்வ நோய் இருக்கு, அதுல தோலடிக் கொழுப்பே சரியா உருவாகாது, ஆள் ஒல்லியா இருப்பாங்க, ஆனா கல்லீரல்ல கொழுப்பு மோசமா ஏறியிருக்கும். எவ்வளவு கொழுப்புங்கிறதை விட எங்க இருக்குங்கிறதுதான் முக்கியம்னு இதை விடத் தெளிவா எதுவும் காட்டாதுன்னு நினைக்கிறேன்.

சரி, ஸ்கேனுக்கு வருவோம். அல்ட்ராசவுண்ட்ல கல்லீரலையும் பக்கத்துல இருக்கிற வலது கிட்னியையும் சேத்துப் பாப்பாங்க, கொழுப்புத் துளிகள் ஒலியைச் சிதறடிக்கிறதால கல்லீரல் கிட்னியை விட வெளுப்பாத் தெரியும். கொழுப்பு கொஞ்சமா இருந்தா தவறிடும், வயித்துச் சுவரே தடிமனா இருந்தா படமும் மங்கிடும். சிடில ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவுன்னு ஒண்ணு, திசு எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்குதுங்கிறதுக்கான எண் அது, தண்ணி 0, கொழுப்பு சுமார் மைனஸ் 100, படம் பளிச்சுன்னு தெரிய ஏத்துற கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாம எடுத்தா நல்ல கல்லீரல் 50, 60 பக்கம், மண்ணீரலை விடக் கொஞ்சம் கூட. கொழுப்பு ஏற ஏற கல்லீரல் இறங்கும், 40க்குக் கீழ போனா நல்லாவே ஏறியிருக்குன்னு அர்த்தம். அதே படத்துல தொப்புள் மட்டத்துல உள்கொழுப்பு எத்தனை சதுர சென்டிமீட்டர்னும் அளந்துடலாம்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது எம்ஆர்ஐ செய்யுற வேலை. அது பாக்கிறது ஹைட்ரஜன் அணுக்கருவை, அது தண்ணியிலயும் இருக்கு கொழுப்புலயும் இருக்கு. 1.5 டெஸ்லா (டெஸ்லாங்கிறது காந்தப்புல பலத்தோட அலகு) காந்தத்துக்குள்ள அது செகண்டுக்கு சுமார் 6 கோடியே 40 லட்சம் தடவை சுழலும். கொழுப்புல இருக்கிற ஹைட்ரஜனைச் சுத்தியிருக்கிற எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தை மறைக்கிறது கொஞ்சம் அதிகம், அதனால அது செகண்டுக்கு சுமார் 220 சுத்து பின்தங்கும். ஒரே கோட்டுல இருந்து வட்டப் பாதையில ஓட ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் ஒரு துளி மெதுவா ஓடுறார்னு வைங்க, கொஞ்ச நேரத்துல எதிரெதிர் பக்கம் நிப்பாங்க, இன்னும் அவ்வளவு நேரம் போனா மறுபடி சேருவாங்க. இங்க எதிர்ல நிக்கிறது சுமார் 2.3 மில்லிசெகண்ட்ல, சேர்றது 4.6ல. ரெண்டு நேரத்துலயும் ஒவ்வொரு படம். சேர்ந்த படத்துல தண்ணியும் கொழுப்பும் கூட்டல், எதிர்ப் படத்துல கழித்தல். கல்லீரல்ல 20 சதவீதம் கொழுப்புன்னா முதல் படத்துல 100, அடுத்ததுல 80ல 20 போக 60, கண்ணு முன்னாடி கல்லீரல் கறுத்துப் போகும்! தோலடிக் கொழுப்போ ரெண்டு படத்துலயும் பளிச்சுன்னே இருக்கும், ஏன்னா அங்க கழிக்கத் தண்ணியே அவ்வளவா இல்ல. இதை விட அழகு, கிட்னியும் அதைச் சுத்தின கொழுப்பும் தொடுற ஓரத்துல ஒரே புள்ளிக்குள்ள ரெண்டும் பாதிப்பாதி விழுறதால அங்க மட்டும் மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு வரும், ரேடியாலஜிஸ்ட்கள் இந்தியா இங்க் கோடுன்னு சொல்றது அதைத்தான். டிக்சன்ங்கிற ஆராய்ச்சியாளர் 1984ல சொன்ன யோசனை இது, இன்னிக்கு இதை வளர்த்தெடுத்துத்தான் கல்லீரல்ல கொழுப்பு இத்தனை சதவீதம்னு எண்ணாவே சொல்றாங்க, 5க்கு மேல போனா ஃபேட்டி லிவர்.

எம்ஆர்ஐ எல்லாருக்கும் கிடைக்கிற விஷயம் இல்ல. சாதாரண அல்ட்ராசவுண்ட் மெஷின்லயே ஒலி எவ்வளவு தேயுதுன்னு அளந்து கொழுப்பைக் கணக்கிடுற முறைகள் இருக்கு, ஆராய்ச்சிக் காசு அதுக்குத்தான் அதிகமாப் போகணும்னு உறுதியா நம்புறேன். லிவரைக் கழுவுற பவுடர், டீடாக்ஸ் ஜூஸ்னு விக்கிறவங்ககிட்ட போகாதீங்க, இந்த மாதிரி மூலிகைப் பொருட்களாலேயே கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க உண்டு. எடையில 3லிருந்து 5 சதவீதம் குறைஞ்சாலே கல்லீரல் கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும், எடை அசையலன்னாலும் தொடர்ந்து உடற்பயிற்சி பண்ணா இறங்கும்.

வாசகருக்கு: இதுக்காக சிடி வேண்டாம், தேவையில்லாத கதிர்வீச்சு. கிரேடு 1ங்கிறது கொழுப்போட அளவைத்தான் சொல்லுது, தழும்பு விழுந்திருக்கான்னு சொல்லாது. அதுக்கு வயசு, பிளேட்லெட், ரத்தத்துல பாக்கிற ஏஎஸ்டி, ஏஎல்டிங்கிற ரெண்டு கல்லீரல் என்சைம், இந்த நாலையும் வச்சு ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு, டாக்டர்கிட்ட அதைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க, கூடவே சுகரையும் பாத்துடுங்க.