இன்க்ளூஷன்: உள்ளடக்கமா, உளப்படுத்தலா?

அரசுத் துறைகள், நகராட்சிகள், பல்கலைக்கழகங்கள் வெளியிடும் கொள்கை ஏடுகளில் சமத்துவம், பன்மை என்ற இரண்டையும் அடுத்து மூன்றாவதாக வரும் ஆங்கிலச் சொல் இன்க்ளூஷன், அதாவது யாரையும் விலக்காமல் சேர்த்துக்கொள்வது. முதலிரண்டைத் தமிழில் எழுதுவதில் பெரிய தடுமாற்றம் இல்லை. மூன்றாவதை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்: உள்ளடக்கம், உள்வாங்கல், உட்படுத்தல், ஒருங்கிணைப்பு, அரவணைப்பு. இவற்றில் சில பொருளையே மாற்றிவிடுகின்றன.

இலத்தீனில் 'இன்க்ளூதெரே' என்றால் உள்ளே வைத்து அடைத்தல். மூடுதல் என்ற பொருளுடைய 'கிளாவ்தெரே' அதன் வேர். வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தும் எக்ஸ்குளூஷனும் அதே வேரில் பிறந்ததுதான். நம் 'உள்ளடக்கு' என்ற வினையிலும் இதே சிக்கல் உண்டு. அடக்குதல் என்பதற்குக் கொள்ளச் செய்தல், ஒடுக்குதல் என இரு பொருளும் இருக்கின்றன. அதோடு 'உள்ளடக்கம்' என்றவுடன் வாசகர் மனத்தில் வருவது நூலின் பொருளடக்கமோ இணையப் பக்கத்தின் சரக்கோதான்.

'ஒருங்கிணைப்பு' என்று எழுதுவது இதைவிடப் பெரிய பிழை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. கல்வியைப் பற்றிய அதன் 24ஆம் பிரிவை விளக்கி, உடன்படிக்கையின் குழு 2016இல் பொதுக்கருத்துரை ஒன்றை வெளியிட்டது. அந்த உரை நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. பள்ளியில் சேர்க்க மறுப்பது விலக்கல். தனிப் பள்ளியில் வைப்பது பிரித்துவைத்தல். பொதுப் பள்ளியில் சேர்த்து, அதன் நடைமுறைக்கு மாணவரே தன்னைப் பழக்கிக்கொள்ளட்டும் என்று விடுவது ஒருங்கிணைப்பு. பாடம், கற்பிக்கும் முறை, கட்டடம், தேர்வு ஆகியவற்றைப் பள்ளி தானே மாற்றிக்கொள்வதுதான் நான்காவது நிலையான இன்க்ளூஷன். மூன்றாவதும் நான்காவதும் ஒரே தமிழ்ச்சொல்லைப் பெற்றால், சக்கர நாற்காலியில் வரும் மாணவரைச் சேர்த்த அன்றே கடமை முடிந்தது என்று பள்ளி சொல்லிவிடலாம். மாடியில் இருக்கும் ஆய்வகம் மாடியிலேயே இருக்கும்.

இதற்குப் பொருத்தமான சொல் தமிழ் இலக்கணத்தில் வெகுகாலமாக இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்', அவரை விட்டுச் சொன்னால் 'நாங்கள்'. தொல்காப்பிய உரையாசிரியர்கள் தன்மைப் பன்மை விகுதிகளை விளக்கும்போது, அம், ஆம் என்பவை 'முன்னின்றாரை உளப்படுத்தும்' என்பார்கள். உளப்படுத்தல் என்றால் பேசுபவர் தன்னோடு மற்றவரையும் சேர்த்து ஒரே எழுவாயாக்குவது. அன்றாடம் சொல்லும் 'குழந்தைகள் உட்பட' என்பதற்குப் பழைய நடையில் 'உளப்பட' என்று வரும். 'உட்படுத்தல்' இதற்கு நெருங்கிய உறவுச்சொல்தான். ஆனால் 'சோதனைக்கு உட்படுத்தினர்' என்று பழகிவிட்டதால், அதில் ஆளப்படுகிறவர் என்ற தொனி ஏறிவிட்டது. 'அரவணைப்பு' உரிமையைக் கருணையாக்குகிறது. ஆகவே என் தேர்வு உளப்படுத்தல். உளப்படுத்தப்பட்டவர் அந்தச் செயலைச் செய்பவர்களில் ஒருவர். இன்க்ளூஷனுக்கு நிர்வாகத்தில் வேண்டிய பொருளும் அதுதான்.

நடைமுறையில் இது எப்படிச் செயலாகிறது? இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, 2011 ஏப்ரல் முதல் பொது அமைப்புகளுக்கு ஒரு கடமையை விதிக்கிறது. தம் பணி எதுவானாலும், பாகுபாட்டை ஒழிப்பதையும் வாய்ப்புச் சமத்துவத்தை வளர்ப்பதையும் பல்வேறு பிரிவினரிடையே நல்லுறவு பேணுவதையும் அவை உரியவாறு கருத்தில் கொள்ள வேண்டும். பொதுவாழ்வில் குறைவாகப் பங்கேற்கும் பிரிவினரை ஊக்குவிக்க வேண்டிய தேவையும் அதே பிரிவில் வருகிறது. உளப்படுத்தலுக்கு அங்குள்ள சட்டப் பிடிமானம் அந்த வரி.

இந்தக் கடமையை நிறைவேற்றும் வழக்கமான கருவி சமத்துவத் தாக்க மதிப்பீடு, அதாவது ஒரு முடிவு எந்தப் பிரிவினரை எப்படிப் பாதிக்கும் என்று ஆராய்ந்து எழுதுவது. அது பெரும்பாலும் கெடுவது காலத்தில்தான். ஒரு நூலகக் கிளையை மூடுவது என்று முடிவெடுத்த பிறகு படிவத்தை நிரப்பினால், அது முடிவுக்குச் சாக்குத் தேடும் தாளாகிவிடும். இச்சட்டத்துக்கு முன்பிருந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான இதே போன்ற கடமையைப் பற்றிய பிரவுன் வழக்கில், 2008இல் இங்கிலாந்து நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: கருதிப் பார்ப்பது முடிவுக்கு முன்பும் முடிவெடுக்கும் வேளையிலும் நடக்க வேண்டும், கட்டங்களில் குறியிடுவது போதாது. முறையாகச் செய்வதென்றால், திட்டம் வரைவாக இருக்கும்போதே அந்த நூலகத்தை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற தரவை எடுக்க வேண்டும். அவர்களிடமே கேட்டு, மாற்று வழிகளை எழுதி, முடிவெடுப்பவர் மேசைக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். நடைமுறைக்கு வந்தபின் விளைவை மறுபடி அளக்கவும் வேண்டும்.

இன்னொரு பிழை, தலைகளை மட்டும் எண்ணுவது. பணியாளர்களில் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்ற கணக்கு பன்மையைத்தான் காட்டும். உளப்படுத்தலை அறிய, விண்ணப்பித்தவர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர், நியமனம் பெற்றவர், ஓராண்டு தாண்டி நிலைத்தவர், பதவி உயர்ந்தவர் என்று படிப்படியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்தப் படியில் ஒரு பிரிவினர் திடீரெனக் குறைகிறார்களோ, திருத்த வேண்டியது அந்தப் படியின் நடைமுறையை. சிறுபிரிவுகள் எல்லாவற்றையும் 'மற்றவர்' என்று ஒரே கட்டத்தில் கொட்டினால் அந்தச் சரிவு கண்ணிலேயே படாது.

எழுதுவோருக்கு: 'உளப்படுத்தும் கல்வி', 'உளப்படுத்தும் பணியமர்த்தம்' எனப் பெயரடையாகவும் இது இயல்பாக வரும். எதிர்ச்சொல் விலக்கல். 'அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி' என்ற தொடர் மக்களுக்குப் பழகிவிட்டது. 'அனைவரையும்' என்ற சொல் பொருளைக் காத்துவிடுவதால் அதை மாற்ற வேண்டியதில்லை. ஓர் ஏட்டில் முதல்முறை வரும்போது மட்டும் 'உளப்படுத்தல் எனும் இன்க்ளூஷன்' என்று சேர்த்து எழுதிவிட்டால் போதும்.