வீட்டுத் தொலைபேசியை நிற்பாட்ட முதல் 911 முகவரியைப் பாருங்கள்

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் வீடுகளுக்குத் தொலைபேசி, இணைய வேலைக்குப் போகும்போது அடிக்கடி வரும் கேள்வி இது: "தம்பி, இந்தச் சின்னப் பெட்டியைப் பூட்டினால் வீட்டு லைனை நிற்பாட்டலாம்தானே?" நிற்பாட்டலாம். பெட்டி என்றது பழைய ஃபோனை இணையத்தோடு தொடுக்கும் அடாப்ரர். பழைய ஃபோனிலேயே பழைய எண்ணோடு கதைக்கலாம், மாதப் பில்லும் நன்றாகக் குறையும். நானே பல வீடுகளில் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வயதுபோன அம்மா அப்பா பகலில் தனியாக இருக்கும் வீடென்றால், பெட்டியைத் திறக்க முதல் அவசர அழைப்பு எண் 911 பற்றித்தான் கதைப்பேன்.

செம்புக் கம்பி லைன் ஒரு வீட்டோடு கட்டப்பட்டது. அதிலிருந்து 911 அழைத்துவிட்டுப் பேச முடியாமல் போனாலும், எந்த முகவரி என்று எடுப்பவரின் திரையில் தெரியும். அடாப்ரர் அப்படியல்ல. இணையம் உள்ள எந்த இடத்தில் பூட்டினாலும் அதே எண்ணோடு வேலை செய்யும். அது இன்றைக்கு எந்த வீட்டில் இருக்கிறது என்று நிறுவனத்துக்குத் தெரியாது. நீங்கள் பதிந்து கொடுத்த முகவரி மட்டுமே தெரியும். இப்படி இடம்மாற்றக்கூடிய சேவைகளில் 911 அழைப்பு முதலில் ஓர் இடைநிலை மையத்துக்குப் போகும். எங்கிருந்து அழைக்கிறீர்கள் என்று அங்கே கேட்டுத்தான் உங்கள் ஊர் 911-க்கு மாற்றிவிடுவார்கள். அழைப்புத் துண்டிக்கப்பட்டாலோ, பதற்றத்தில் ஆங்கிலம் வராமல் போனாலோ, பதிவில் உள்ள முகவரிதான் கதி.

2008 ஏப்ரலில் மேற்குக் கனடாவில் உள்ள கல்கரியில் நடந்ததை இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் மறக்கக்கூடாது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள மிசிசாகாவில் இருந்து கல்கரிக்குக் குடிபோன ஒரு குடும்பம் இணையத் தொலைபேசியையும் கூடவே கொண்டுபோயிருந்தது. ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் திடீரென்று ஆபத்து வந்து 911 அழைத்தபோது, அம்புலன்ஸ் மிசிசாகாவில் உள்ள பழைய முகவரிக்கு அனுப்பப்பட்டது. காத்திருந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு லைனில் இருந்து மறுபடி அழைத்த பிறகுதான் கல்கரி அம்புலன்ஸ் வந்தது. குழந்தை பிழைக்கவில்லை.

ஆகவே பெட்டி பூட்டிய அன்றே கணக்குக்குள் போய் 911 முகவரியைப் பாருங்கள். எங்கள் ஆட்கள் பலர் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டு இலக்கம் மட்டும் போதாது, பேஸ்மென்ற் என்றும் பதியுங்கள். அடுக்குமாடி என்றால் யூனிற் இலக்கம் கட்டாயம். சில நிறுவனங்களில் 933 அழைத்தால் பதிவில் உள்ள முகவரியை வாசித்துக் காட்டும். சோதித்துப் பார்க்கவென்று 911-ஐ அழைக்காதீர்கள். வீடு மாறினால் அன்றைக்கே முகவரியையும் மாற்றுங்கள். அம்மா இரண்டு மாதம் மகள் வீட்டில் நிற்கப் பெட்டியையும் எடுத்துப்போனாலும் இதே கதைதான். ஊருக்குப் போகும்போது ரொறன்ரோ எண் வேண்டுமென்று யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே அவசரத்துக்கு அந்த ஃபோனைத் தொடவே வேண்டாம். உள்ளூர் கைபேசியில் அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119.

அடுத்தது மின்சாரம். செம்பு லைனுக்கு 48 வோல்ற் தொலைபேசி நிலையத்தில் இருந்தே வரும், அங்கே பற்றரிகளும் உண்டு. அதனால்தான் 2003 ஓகஸ்ட் 14 ஒன்ராறியோவே இருண்டபோதும் கம்பி ஃபோன்கள் வேலை செய்தன. அடாப்ரருக்கு மொடெம், ரவுட்டர், அடாப்ரர் மூன்றுக்கும் கரண்ட் வேண்டும். மூன்றையும் ஒரு யூபிஎஸ்ஸில் (கரண்ட் போனாலும் ஓடும் பற்றரிப் பெட்டி) பூட்டினால் சில மணித்தியாலங்கள் தாங்கும். 2013 நத்தார் நேரத்துப் பனிமழை போல நாட்கணக்கில் மின்சாரம் போனால் அதுவும் போதாது. 2022 ஜூலை 8 ரோஜர்ஸ் தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பு விழுந்த அன்று கரண்ட் இருந்தும் பலருக்கு இணையமும் இல்லை, கைபேசியும் இல்லை. என் கணக்கில், வீட்டு இணையம் எந்த நிறுவனத்துடையதோ அதைவிட வேறொரு வலையமைப்பில் ஒரு கைபேசி, எப்போதும் சார்ஜோடு, பெரியவர்களுக்குக் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதில் 911 அழைப்பது எப்படி என்று ஒருமுறை இருத்திவைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

கள்வர் எச்சரிக்கைக் கருவியோ, கழுத்தில் போடும் அவசர பட்டனோ பழைய லைனில் தொங்குகிறதா என்றும் பாருங்கள். அடாப்ரரில் இவை சரியாக வேலை செய்யாமல் போகலாம். அந்த நிறுவனத்தோடு கதைத்து, பட்டனை அமத்திச் சோதித்த பிறகே பழையதை விடுங்கள்.

வீடு முழுக்க உள்ள பழைய ஃபோன் சொக்கெற்றுகளில் அடாப்ரரை இணைக்க ஆசைப்பட்டால், முதலில் வெளியே இருந்து வரும் கம்பியைச் சுவர்ப்பெட்டியில் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்த லைனில் வரும் மின்சாரம் அடாப்ரரை எரித்துவிடலாம்.

அப்புறம், பழைய நிறுவனத்துக்கு முந்திக்கொண்டு அழைத்து லைனை நிற்பாட்டிவிடாதீர்கள். எண் கையைவிட்டுப் போகலாம். பழைய எண்ணையே தங்களிடம் மாற்றி எடுக்கச் சொல்லிப் புது நிறுவனத்திடம் கேளுங்கள். பழைய பில்லில் உள்ள பெயர், கணக்கு இலக்கம், முகவரி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். எண் புது நிறுவனத்துக்கு மாறி, அந்த எண்ணுக்கு அழைப்பு வருவதைக் கேட்ட பிறகு பழைய கணக்கு மூடப்பட்டுவிட்டதா என்று பாருங்கள்.