அது அபஸ்வரம் இல்லை

பதிவான பாட்டுகளை மிக்ஸிங் செய்வது என் தொழில். வளைகுடாவிலிருந்தும் அரபுப் பாட்டுகள் என்னிடம் வரும். முதலில் வந்த ஒரு கல்யாணப் பாட்டில் நான் செய்த தவறை இன்றும் பலர் செய்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

பாடகரின் காந்தாரம் ('க' சுரம்) ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழேயே நின்றது. திரையில் பார்த்தால் கீழே உள்ள சாதாரண காந்தாரத்துக்கும் மேலே உள்ள அந்தர காந்தாரத்துக்கும் நட்டநடுவில் கோடு. சுருதி பிசகு என்று நினைத்து, சுருதியைத் திருத்தும் மென்பொருளான ஆட்டோ ட்யூனை ஓட்டினேன். எல்லாம் அந்தர காந்தாரத்தில் போய் உட்கார்ந்தது. அனுப்பிவிட்டேன்.

அன்று இரவே பாடகரிடமிருந்து போன். அவர் கோபப்படவில்லை. அந்த வரியை மூன்று தடவை பாடிக் காட்டினார். மூன்று தடவையும் அதே இடம், மயிரிழை நகரவில்லை. "இது ராஸ்த். நீங்கள் அனுப்பியது வேறு யாரோ பாடியது" என்றார்.

ராஸ்த் ஒரு மகாம். மகாம் என்பது கிட்டத்தட்ட நம் ராகம் மாதிரி. ராஸ்த், பயாத்தி இரண்டும் பாட்டில் மட்டுமல்ல, குர்ஆன் ஓதுவதிலும் கேட்கும். இரண்டிலும் கீபோர்டின் கட்டைகளுக்கு நடுவே விழும் சுரம் உண்டு. ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியத்தில் வீணை போல சுர இடத்தைக் குறிக்கும் மெட்டுகள் கிடையாது, விரல் அந்த இடத்தில் தாராளமாக நிற்கும். நம் சினிமாவில் பாலைவனம் வந்தால் பெரும்பாலும் மாயாமாளவகௌளை ராகத்துக்கு நெருக்கமான ஹிஜாஸ் என்ற மகாம் வகைதான் ஒலிக்கும். அது கீபோர்டிலேயே கிடைத்துவிடும். அரபு இசை என்றால் அவ்வளவுதான் என்று நம் காது பழகிவிட்டது.

1932-ல் கெய்ரோவில் எகிப்து மன்னர் ஃபுவாத் கூட்டிய அரபு இசை மாநாட்டில் ஸ்தாயியை (ஒரு 'ச'விலிருந்து அடுத்த மேல் 'ச' வரை) 24 சம பங்காக வகுக்கலாமா என்று பெரிய விவாதமே நடந்தது. உடன்பாடு வரவில்லை. வராது. ராஸ்தின் அந்தக் காந்தாரம் சிரியாவின் அலெப்போவில் கொஞ்சம் ஏறியும் கெய்ரோவில் கொஞ்சம் இறங்கியும் நிற்கும். நாலு வார்த்தை பேசினாலே நெல்லைக்காரரா கோவைக்காரரா என்று நமக்குத் தெரிகிறதே, அப்படி அவர்களுக்கு ஒரு சுரத்தில் ஊர் தெரியும். பாடகர் அதைச் சரியாகத் தொட்டால், நம் சபாவில் "ஆஹா" என்பது போல, அங்கே "அல்லாஹ்!" என்று குரல் எழும். அந்த லயிப்புக்குத் தரப் என்று பெயர். அதைத்தான் நான் ஒரு கிளிக்கில் அழித்திருந்தேன்.

சரி, அரபுக் குரல் ஒன்று கைக்கு வந்தால்? எந்த மகாம், எந்த ஊர்ப் பாணி என்று முதலில் கேளுங்கள். ஆட்டோ ட்யூனின் 12 சுர அமைப்பை அணைத்துவிடுங்கள். திருத்தியே ஆகவேண்டும் என்றால், அவர் நன்றாகப் பாடிய ஒரு வரியிலிருந்து சுரத்தின் இடத்தை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் கீபோர்டு சேர்ப்பதானால் அந்தக் கட்டையையும் அதே அளவுக்கு இறக்குங்கள்.

அந்தக் கல்யாணப் பாட்டை மறுநாள் திரும்ப மிக்ஸ் செய்தேன். அவர் காந்தாரத்தில் கை வைக்கவில்லை.