கிணற்றுக் குடமும் குழந்தையின் தலையும்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மகனுக்கு ஐந்து மாதம். கத்தரி வெயில் தாங்காமல் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தொட்டி வைத்து, கழுத்தில் காற்று வளையம் மாட்டிக் குழந்தையை மிதக்கவிடலாம் என்று நாத்தனார் வளையத்தை வாங்கியே வந்துவிட்டாராம். "வீடியோவுல குழந்தைங்க சிரிச்சிக்கிட்டே மிதக்குதுங்க. எங்க மாமியார் மட்டும் வேணாம்னு சொல்றாங்க. யார் சொல்றது சரி?"

மாமியார் சொல்வதுதான் சரி. அவர் எதை நினைத்துச் சொன்னாரோ, இயற்பியலும் அவர் பக்கம்தான் நிற்கிறது.

ஆர்க்கிமிடீஸ் விதி எல்லோரும் பள்ளியில் படித்ததுதான்: மூழ்கும் பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்கு அது மேலே தள்ளப்படும். நம் உடம்பின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தியே என்பதால், முழுதாக மூழ்கிய உடம்புக்கு எடையே இல்லாத மாதிரி இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்கு அடுத்த படி. அதைப் புரிந்துகொள்ளக் கிணற்றில் தண்ணீர் சேந்திய கை போதும். குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிற்றில் கனமே தெரியாது, ஒரு விரலால் இழுக்கலாம். குடத்தின் வாய் நீர்மட்டத்தைத் தாண்டியதும் கயிறு விறைக்கும், கப்பி முனகும், தோள் இறங்கும். குடத்தில் இருப்பது அதே தண்ணீர்தான். ஆனால் உள்ளே இருந்தவரை அதைச் சுற்றியிருந்த தண்ணீர் தாங்கியது, வெளியே வந்ததும் நம் கைதான் தாங்கியாக வேண்டும். நீரிலிருந்து எந்தப் பகுதி வெளியே வருகிறதோ, அதன் எடை மட்டும் முழுதாகத் திரும்பி வருகிறது.

இப்போது குழந்தையைப் பாருங்கள். பிறக்கும்போது தலை உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவர்களுக்கு அது எட்டில் ஒன்றுதான். ஒரு வயதில் தலையின் சுற்றளவு சுமார் 46 செ.மீ. அதை ஒரு பந்தாக எண்ணிக் கணக்குப் போட்டால் 1,600 மி.லி. கொள்ளளவு வரும். அதாவது தலை மட்டுமே ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கழுத்து வளையத்துக்கு முன், கால் நுழைக்க ஓட்டை வைத்த இடுப்பு வளையத்தைப் பார்ப்போம். அதில் உட்காரவைத்த குழந்தைக்குக் காலும் இடுப்பும் தண்ணீருக்குள் எடையற்றுக் கிடக்க, தலையும் தோளும் வெளியே முழு எடையோடு நிற்கின்றன. கீழே கால் தொங்குகிறதே, அது தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் அடிக்கனம் போல நிமிர்த்திவிடும் என்று நமக்குத் தோன்றும். நிமிர்த்தாது. அடியில் இருப்பது கனமாக இருந்தால்தான் பொம்மை நிமிரும், இங்கே கனமெல்லாம் மேலே. குழந்தையை நிமிர்த்தி வைத்திருப்பது வளையத்தின் அகலம் ஒன்றுதான். மிதக்கும் பொம்மையைப் பிடிக்க எட்டிச் சாய்ந்து, தலை வளையத்தின் விளிம்பைத் தாண்டினால் அந்த அகலமும் உதவாது. கவிழும்.

கவிழ்ந்த பிறகு நடப்பது இன்னும் கொடுமை. இப்போது தண்ணீருக்குள் இருப்பது தலை. கனமான அந்தப் பகுதிக்கு எடை போய்விட்டது. வெளியே நிற்பது இரண்டு சின்னக் கால்கள். முன்னைவிட மேல்கனம் குறைவு என்பதால், தலைகீழாக இருப்பதுதான் இப்போது அதிக உறுதியான நிலை. கால் நுழைக்கும் ஓட்டைகள் குழந்தையை அப்படியே பிடித்துக்கொள்ளும். மிதவை கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் மிதக்கிறது, இடுப்பை மிதக்கவைத்துக்கொண்டிருக்கிறது. திருப்பிப் போட்டு எழுந்துகொள்ளும் பலம் எந்தக் கைக்குழந்தைக்கும் கிடையாது.

கழுத்து வளையம் வேறு வகை. தலையை மட்டும் தாங்கினால் போதும் என்பதால் ஒன்றரை, இரண்டு லிட்டர் காற்றே வேலையை முடித்துவிடுகிறது. வீடியோவில் அவ்வளவு சுலபமாகத் தெரிவது அதனால்தான். ஆனால் அந்த இரண்டு லிட்டரும் தாடையைச் சுற்றி ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. வால்வில் கொஞ்சம் கசிந்து வளையம் தளர்ந்தால் நடு ஓட்டை அகலும், சோப்பும் எண்ணெயும் பட்ட மோவாய் அதன் வழியே வழுக்கும். கசிவுகூட வேண்டியதில்லை. 42 டிகிரி வெயிலில் மாடியில் வைத்து ஊதிய காற்று 28 டிகிரி தண்ணீரில் குளிர்ந்தால் அதன் கன அளவு நூற்றுக்கு நாலரை பங்கு சுருங்கும். வெயிலில் இறுக்கமாக ஊதிய பலூன் தண்ணீரில் முக்கியதும் கொஞ்சம் சுருங்குவது இதனால்தான். வேலூர் வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை.

2022 ஜூனில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தக் கழுத்து வளையங்களைப் பற்றி எச்சரித்தது. ஒரு குழந்தை இறந்தது, இன்னொன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது என்ற தகவல்கள் வந்த பிறகு வெளியான எச்சரிக்கை அது. தசைநலிவு போன்ற குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 'தண்ணீர் சிகிச்சை' என்று சொல்லி இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அது குறிப்பாகச் சொன்னது. அதனால் பலன் உண்டு என்று நிரூபிக்கப்படவில்லை. தலை நிற்கச் சிரமப்படும் குழந்தைக்குத்தான் மோவாய் முதலில் வழுக்கும் என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

"நாங்கள்லாம் சுரைக்குடுக்கை கட்டித்தானே நீச்சல் கத்துக்கிட்டோம்" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நானும் அப்படித்தான், அணைக்கட்டுப் பக்கம் மாமா ஊர்க் கிணற்றில். காய்ந்த குடுக்கையை மாமா என் முதுகில் கட்டினார், மார்பில் அல்ல. முதுகுப்பக்கம் மேலே தூக்கினால் உடம்பு குப்புறப் படுக்கும், முகம் தண்ணீரைப் பார்க்கும். கையும் காலும் அடித்துப் பழக அந்த நிலைதான் வேண்டும். "தலையத் தூக்குடா, மூச்ச வுடு" என்று படியில் நின்று மாமா கத்திக்கொண்டே இருந்தார். தூக்கத் தெரிந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அது சரி. கழுத்து நிற்காத குழந்தையை முதுகில் மிதவையோடு விட்டால், முகம் தண்ணீரிலேயே கிடக்கும்.

உயிர்காக்கும் அங்கி இதற்கு நேர்மாறாகச் செய்யப்படுகிறது. நுரைப்பஞ்சு அதிகமும் மார்பிலும் பிடரிக்குப் பின்னாலும்தான். மார்பு மேலே எழும், முதுகு கீழே போகும், உடம்பு தானாகச் சுழன்று முகம் வானத்தைப் பார்க்கும். பிடரித் தலையணை அந்த ஒன்றரைக் கிலோத் தலையையும் ஏந்திக்கொள்ளும். உள்ளே இருப்பது ஒரே பை காற்று அல்ல, ஒன்றோடொன்று சேராத ஆயிரக்கணக்கான நுண்ணறைகள், ஊசி குத்தினாலும் சில அறைகளே போகும். குழந்தை அங்கியில் தொடைகளுக்கு நடுவே ஒரு வார் கட்டாயம் இருக்க வேண்டும். தோளும் இடுப்பும் இன்னும் அகலம் வராத உடம்பு என்பதால், வார் இல்லையென்றால் அங்கி மட்டும் மேலே போகும், குழந்தை கீழே நழுவும். ஏலகிரியிலோ வேறெங்கோ படகில் ஏறினால் முதலில் அந்த வாரைத் தேடுங்கள், இல்லாவிட்டால் ஏறாதீர்கள்.

நீரில் மூழ்கும் குழந்தை கத்தாது. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? 5 செ.மீ. தண்ணீர் போதும், மூக்கும் வாயும் மூழ்கினால் சரி. போன் மணி அடிக்கிறதே என்று எழுந்து போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

2021இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. நம் ஊரில் இதை 'தண்ணியில கண்டம்' என்று ஜாதகத்தில் தேடுகிறோம், பரிகாரத்துக்குச் செலவு செய்கிறோம். அந்தப் பணத்தில் கைப்பிடிச்சுவர் இல்லாத எத்தனை தரைக்கிணறுகளுக்குச் சுவர் எழுப்பலாம்! வேலூர் சி.எம்.சி.யின் சமூக நல மருத்துவத் துறை, கணியம்பாடி வட்டார ஊர்களில் பிறப்பு இறப்பைப் பல பத்தாண்டுகளாக வீடுவீடாகப் போய்ப் பதிவு செய்கிறது. குழந்தைகள் நீரில் மூழ்குவது பற்றிய ஆய்வும் அங்கிருந்து வந்திருக்கிறது. ராக்கெட் அளவுக்கு யாரும் பேசாத வேலை இது. என்னைக் கேட்டால் ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படி ஒரு பதிவேட்டுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். எந்த வயதில், எந்த நேரத்தில், எந்தத் தண்ணீரில் என்று தெரிந்தால்தானே தடுக்க முடியும்? வங்கதேசத்தில் அம்மாக்கள் வேலையாக இருக்கும் நேரத்துக்குக் கிராமக் காப்பகங்கள் நடத்தி இந்தச் சாவுகளை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள்.

குடியாத்தம் சகோதரிக்கு: மகனுக்கு வெயில் தணிய வேண்டும், அவ்வளவுதானே. மாமியாரை மணையில் உட்காரச் சொல்லுங்கள். காலை நீட்டி, கால்களின் மேல் குழந்தையைப் போட்டு, ஒரு கை தலையை விட்டு அகலாமல் அவர் குளிப்பாட்டுவார். முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். வளையத்தைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம். கத்தரிக்கோலால் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிக் குப்பையில் போடுங்கள்.