குடல் நரம்பு ஆய்வில் போஸ்ட்டாக்: சேருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

பிஎச்டி முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "நியூரோசயின்ஸ் படித்தேன், குடல் நரம்பு பக்கம் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிறகு செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி) வரலாமா?" தாராளமாக வரலாம். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். அந்த ஆய்வகத்தில் குடலை உரிக்கத் தெரிந்தவர் யார், நீங்கள் சேரும்போது அவர் அங்கே இருப்பாரா?

குடல் சுவரின் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே வலை மாதிரி நியூரான்கள் பரவிக் கிடக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் அவுர்பாக் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டறிந்த வலை இது. அதைப் பார்க்க, சுண்டெலியின் குடலை நீளவாக்கில் பிளந்து, சிலிகான் தட்டில் மெல்லிய ஊசிகளால் இழுத்துக் குத்த வேண்டும். முதலில் உள்சவ்வை உரிக்க வேண்டும். அப்புறம் வட்டத்தசையை இடுக்கியால் இழை இழையாக எடுக்க வேண்டும். கை கொஞ்சம் அழுந்தினாலும் நரம்பு வலையும் சேர்ந்தே வந்துவிடும். இதை வீடியோ பார்த்துக் கற்க முடியாது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கையைத் திருத்த வேண்டும்.

என் முதல் ஆய்வகத்தில் அது தெரிந்தவர் நான் சேர இரண்டு வாரம் இருக்கும்போது வேலையை விட்டுப் போயிருந்தார். இரண்டு வருட ஒப்பந்தத்தில் எட்டு மாதம் உரிப்பதிலேயே கரைந்தது. பல ஃபெலோஷிப்புகளுக்கு (ஆய்வு உதவித்தொகைகளுக்கு) விண்ணப்பிக்கும் தகுதியை, பிஎச்டி பட்டம் வாங்கிய தேதியிலிருந்து வருடத்தை எண்ணித்தான் பார்க்கிறார்கள். போன எட்டு மாதத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

இவ்வளவு கைவேலை எதற்கு என்று தோன்றலாம். 1917-இல் டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் ஆய்வாளர், கினிப் பன்றியின் குடல் துண்டை உடலிலிருந்து பிரித்து வைத்து, மூளையின் தொடர்பே இல்லாமல் அது உள்ளிருப்பதைத் தள்ளுவதைக் காட்டினார். அந்த வேலையை நடத்துவது குடல் சுவரிலுள்ள இந்த வலைதான். இன்றும் அந்த வழியில்தான் சோதிக்கிறோம். நெயில் பாலிஷ் பூசிய ஒரு புழுக்கையைப் பெருங்குடல் துண்டின் ஒரு முனையில் வைத்தால், அது மறுமுனைக்கு நகர்ந்து போகிறது. முதல் தடவை பார்த்தபோது தட்டை விட்டு என் கண் அகலவில்லை.

இன்னொரு விஷயம். நியூரோசயின்ஸ் துறைகளில் மட்டும் தேடினால் பல வேலைகள் உங்கள் கண்ணில் படவே படாது. உடலியங்கியல், கருவளர்ச்சி உயிரியல், ஏன், குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறையிலும் இந்த ஆய்வு நடக்கிறது. சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயில், கருவில் நரம்புச் செல்கள் குடலின் கடைசிப் பகுதி வரை போய்ச் சேர்வதில்லை. அந்தப் பகுதி தளராமல் மலம் அடைத்துக்கொள்ளும். அறுவை செய்து எடுத்த அந்தத் துண்டுகள் ஆய்வுக்கு வரும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் மாதத்துக்கு எத்தனை துண்டு நிஜமாகவே வருகிறது என்று கேளுங்கள்.

'குடல்–மூளை அச்சு' (குடலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு) என்று வேலை விளம்பரம் வந்தால் அந்த ஆய்வகத்தின் கடைசி சில கட்டுரைகளைப் புரட்டுங்கள். படங்களில் குடல் சுவரின் நியூரான்கள் இருக்கின்றனவா? சில இடங்களில் மலத்திலுள்ள பாக்டீரியாவும் மூளையும்தான் இருக்கும், நடுவில் குடல் நரம்பையே காணோம். அதுவும் நல்ல ஆய்வுதான். ஆனால் நீங்கள் தேடி வந்தது அது இல்லை.

நேர்காணலில், பேராசிரியர் இல்லாமல் அங்குள்ள போஸ்ட்டாக் ஒருவரிடம் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவது ஆய்வகத்துக்கான வீடியோ நேர்காணலில் நான் அப்படிக் கேட்டேன். அங்கிருந்த போஸ்ட்டாக் பெண் லேப்டாப்பைத் தூக்கிப் போய், அன்று காலை உரித்த துண்டை மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். வலை முழுசாக இருந்தது. அன்று இரவே சம்மதம் எழுதி அனுப்பினேன்.